ஒரே இரவை ஏழு முறை எழுதினேன்: தமிழில் எழுதப் பழகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளில் ஒரே கட்டுரையை ஏழு முறை எழுதியிருக்கிறேன். பெங்களூரு கரகத் திருவிழாவன்று பாட்டியோடு விடிய விடிய விழித்திருந்த இரவைப் பற்றிய கட்டுரை. முதல் வடிவத்தை பி.காம். முதலாண்டில் ஒரு கட்டுரைப் போட்டிக்காக எழுதினேன். பரிசு கிடைக்கவில்லை. ஏழாவது வடிவம் போன மாதம் முடிந்தது. ஏழையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். திறந்து பார்த்தால் எந்த வயதில் எந்தத் தவறு செய்தேன் என்பது அப்படியே தெரிகிறது. என்னைப் போல வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, பிறகு தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் பாட்டி. ஸ்ரீராமபுரத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தினத்தாளின் பெரிய எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டுவாள். வாசிக்க வந்துவிட்டது. எழுதுவது அப்படி வரவில்லை.

"திகழ்றாங்கன்னா என்ன பண்றாங்க?"

முதல் வடிவத்தின் முதல் வரி இது: "எங்கள் குடும்பத்தின் ஆணிவேராகத் திகழ்பவர் எங்கள் பாட்டி ஆவார்."

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்தில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நிறுத்தி, "திகழ்றாங்கன்னா என்ன பண்றாங்க கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பாட்டி என்னதான் செய்வாள்? காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பேருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து, அவற்றின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவாள். கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். எங்கள் தமிழ் மேல் எனக்கு வெட்கம் இருந்தது. "திண்டி ஆச்சா?", "ஸ்வல்ப தள்ளிக்கோ" என்று கன்னடம் கலந்து பேசும்போது வேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஆகவே பேனாவை எடுத்ததும் என் வாயில் இருந்த சொற்களையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, மேடைப் பேச்சில் கேட்ட சொற்களை இரவல் வாங்கினேன். திகழ்கிறது, விளங்குகிறது, அமைகிறது, கமழ்கிறது. கோயிலும் திகழும், பாட்டியும் திகழ்வாள், தேசியக்கொடியும் திகழும். எதற்கும் பொருந்தும் சொல் எதையும் காட்டாது. நான் இப்போது செய்யும் சோதனை இதுதான்: அந்த வினைச்சொல்லை என்னால் நடித்துக் காட்ட முடியுமா? முடியாவிட்டால் பெரும்பாலும் அதை எடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது வடிவத்தில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். பேசுவதுபோலவே முழுக்கட்டுரையையும் எழுதினேன். பக்கம் பக்கமாக "ஒக்காந்துகினு", "பாத்துகினு" என்று வந்தால் படிப்பவருக்கு ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் உச்சரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழை மனிதர்கள் வாய் திறக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றதை எளிய எழுத்துத் தமிழில் எழுதுவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

வாக்கியத்துக்கு அடியில் ஆங்கிலம்

மூன்றாவது வடிவத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: "கரகம் ஒரு பூசாரியால் தலையில் சுமக்கப்படுகிறது. அது மல்லிகைப் பூக்களால் அலங்கரிக்கப்படுகிறது. வீரகுமாரர்களால் அது பாதுகாக்கப்படுகிறது." சொற்கள் எல்லாம் தமிழ்தான். யோசித்த மொழி தமிழ் இல்லை. கல்லூரியில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துவிட்டு அதே சூட்டில் உட்கார்ந்து எழுதியது அது. இன்று எழுதினால், "பெண் வேடமிட்ட பூசாரி மல்லிகை போர்த்திய கரகத்தைத் தலையில் தாங்கி வருகிறார், சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள்" என்று எழுதுவேன். யார் செய்கிறார் என்பது முன்னால் வந்தாலே தமிழ் வாக்கியம் நிமிர்ந்துவிடும். படுகிறது, பட்டது என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தேவைப்படாது.

"ஒரு" என்ற சொல்லும் அப்படித்தான். "அவர் ஒரு மருத்துவர்" என்று நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. "அவர் டாக்டர்" என்போம். "கள்" இன்னொன்று. மார்க்கெட்டில் மூன்று முழம் பூ கேட்போம், ஹோட்டலில் நாலு இட்லி கேட்போம். எழுத உட்கார்ந்தால் மட்டும் "நான்கு இட்லிகள்", "பத்து ரூபாய்கள்" வந்துவிடுகின்றன.

கன்னடம் கெடுப்பதும் கொடுப்பதும்

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கன்னடத்தில் ழகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனி எழுத்து இருந்தது. இன்றைய கன்னடத்தில் இரண்டும் இல்லை. நம் மழை அங்கே மளெ, ஏழு ஏளு, வாழை பாளெ. மரம் என்றால் மர, மறப்பதற்கும் மரெ. தெருவில் நாள் முழுக்க இந்த ஒலிகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் கேட்பதே இல்லை. நான் "மளை" என்று எழுதியதைக் கவனக்குறைவு என்று திட்டியவர்கள் உண்டு. என் காது எனக்குச் சொன்னதைத்தான் எழுதினேன். காதை நம்ப முடியாத இடத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று புரிந்ததும், ழகரச் சொற்களைக் கூட்டம் கூட்டமாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். கீழே, கழுத்து, விழா, வழி, பழம், பழக்கம். தினமும் கண்ணில் பட்டுப் பட்டுத்தான் அது கைக்கு வந்தது. (சுவரில் என்பதே சரி. பல காலம் "சுவற்றில்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும்; சுவர் அப்படி ஆகாது.)

ஆனால் அதே கன்னடம் வேறொரு குழப்பத்தைத் தீர்த்துவைக்கும். பல் அங்கே ஹல்லு, பால் ஹாலு, கல் கல்லு. தமிழில் லகரம் வரும் இடத்தில் கன்னடத்திலும் பெரும்பாலும் லகரமே இருக்கிறது. ஆகவே லவா, ளவா என்று சந்தேகம் வந்தால் கன்னடச் சொல்லை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். வெள்ளியா, வெல்லியா? கன்னடத்தில் பெள்ளி. அவ்வளவுதான், சந்தேகம் போயிற்று. சென்னையில் படிக்கும் என் அத்தை மகளுக்கு இந்த வழி கிடையாது.

உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களில்தான் உண்மையான ஆபத்து. கன்னடத்தில் மனெ என்றால் வீடு. நான்காவது வடிவத்தில் "பக்கத்து மனையில் விளக்கு எரிந்தது" என்று எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இன்று மனை என்றால் விற்பனைக்குக் கிடக்கும் காலி இடம்தான் நினைவுக்கு வரும். கன்னடத்தில் அனுமான என்றால் சந்தேகம். தமிழில் அனுமானம் என்பது ஊகம். இப்படிப்பட்ட சொல் எழுத்துப்பிழை மாதிரி கண்ணில் படாது, வாக்கியத்துக்குள் அமைதியாக உட்கார்ந்து பொருளை மாற்றிவிடும். ஊருக்கு வெளியே இருக்கும் யாராவது ஒருவர் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒற்றுப்பிழை

முதலில் ஒற்றே போடாமல் எழுதினேன். பிறகு பயந்துபோய் எல்லா இடத்திலும் போட்டேன். இரண்டாவது தவறு முதல் தவறை விட மோசம். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பிறகும், ஐ, கு என்று முடியும் வேற்றுமைச் சொல்லுக்குப் பிறகும் வல்லினம் மிகும்: அந்தப் பூ, பூவைப் பறித்தாள், கோயிலுக்குப் போனோம். வந்த பையன், சிறிய கடை, பல கடைகள் ஆகியவற்றில் மிகாது. இந்த நான்கைந்து விதிகளை மனப்பாடம் செய்தால் அன்றாட எழுத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கீரைக்கடை என்றால் கீரை விற்கும் கடை, கீரை கடை என்றால் மத்தை எடுத்து வேலையைத் தொடங்கு என்று பொருள். இன்னொன்று, ற் என்ற எழுத்துக்குப் பிறகு வேறு மெய் வராது. முயற்சி, பயிற்சி என்றே எழுத வேண்டும். நடுவில் ச் வேண்டாம்.

கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலி, வழி, வளி மூன்றையும் ஒரே மாதிரி தட்டிவிட்டு, மேலே வருவதைத் தொட்டுவிடுவோம். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் மூன்று எழுத்துக்கும் தனித்தனி விசை. முதல் இரண்டு வாரம் கை நொந்தது. பிறகு எந்த லகரம் என்று விரலே முடிவுசெய்யத் தொடங்கிவிட்டது.

அட்டவணையில் அடங்காதவை

இதுவரை சொன்னதை எல்லாம் புத்தகம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தாவது வடிவத்தில் பிழையே இல்லை. ஆனாலும் அதை முழுதாக யாராலும் படிக்க முடியவில்லை. ஏன் என்று தெரியாமல் பல நாள் வருந்தினேன். ஆசிரியைதான் நன்னூலின் பாயிரத்தை, அதாவது முன்னுரையை, எடுத்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். எழுதச் சொன்னவன் சீயகங்கன் என்ற சிற்றரசன். கோலாரையும் தலக்காட்டையும் தலைநகராகக் கொண்டு ஆண்ட கங்கர் மரபின் பெயர் அது. கோலார் எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். தமிழ் இலக்கணத்துக்கும் என் ஊர்ப் பக்கத்துக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பது அன்று எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

அந்தப் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகிறது. என் கட்டுரையைக் கொன்றவை இரண்டு.

ஒன்று, மற்றொன்று விரித்தல். நான் எழுத வந்தது பாட்டியோடு கழித்த இரவை. எழுதியது கரகத்தின் வரலாறு: சைத்ர பௌர்ணமி, தர்மராய சுவாமி கோயில், திரௌபதி கதை, திகளர் சமூகம், ஊர்வலம் காட்டன்பேட்டை தர்காவில் நின்று செல்லும் வழக்கம். எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. ஆனால் பாட்டி நான்காம் பக்கத்தில்தான் வந்தாள். தகவல் தேடுவது எளிது, நினைவைத் தோண்டுவது கடினம். கடினமானதிலிருந்து தப்பிக்கத் தகவலுக்குள் போய் ஒளிந்திருக்கிறேன். இப்போது தர்கா ஒரே ஒரு வரியில் வருகிறது. ஊர்வலம் அங்கே நின்றபோது பாட்டி செருப்பைக் கழற்றினாள் என்ற வரி.

மற்றது, சென்று தேய்ந்து இறுதல். போகப் போகத் தேய்ந்து முடிந்துபோவது. என் வடிவங்கள் எல்லாவற்றிலும் முதல் பத்தியைப் பலமுறை மாற்றியிருக்கிறேன். கடைசிப் பத்தியை நள்ளிரவில் கொட்டாவியோடு ஒருமுறை எழுதியதோடு சரி. சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது கை தானாக "எனவே நமது பண்பாட்டைப் பேணிக் காப்பது நம் அனைவரின் கடமை" என்று எழுதிவிடுகிறது. பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம். அந்த வரிக்கும் என் பாட்டிக்கும் எந்த உறவும் இல்லை. ஆறாவது வடிவத்தில் முறையை மாற்றினேன். காலையில், மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் கடைசிக் காட்சியை முதலில் எழுதினேன். விடியற்காலை, காலியான தெரு, வாழை இலைத் துண்டுகள், என் தோளில் பாட்டியின் தலை. அது கையில் இருந்ததால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்து மற்ற பக்கங்களை எழுதினேன்.

ஏழாவது வடிவத்தை வாய்விட்டுப் படித்துத் திருத்தினேன். வாய் தடுக்கும் இடத்தில் எல்லாம் வாக்கியத்தை உடைத்தேன். முடித்த அன்றே பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். கூச்சத்தில் தள்ளிப்போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டியின் கூந்தலில் மல்லிகை கமழ்ந்தது" என்ற இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"மல்லி இல்லடி பாப்பா. அன்னிக்கு மல்லி வெல ஏறிப்போச்சு. ஒங்க தாத்தா கனகாம்பரம்தான் வாங்கியாந்தாரு."

கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டு, தாத்தா மார்க்கெட்டில் எவ்வளவு நேரம் நின்றார், என்ன விலை கேட்டார் என்று பாட்டியிடம் கேட்கத் தொடங்கினேன்.