வார்டு ஓட்டுக்குச் சட்டசபைக் கணக்கு போடாதீர்கள்

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் (ஆந்திராச் சித்தூர் இல்லை, அது வேறு கதை) 2025 டிசம்பர் 11 அன்று உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. 13-ஆம் தேதி எண்ணினார்கள், 26-ஆம் தேதி நகரசபைத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் செங்கோட்டையிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்களுக்கு இனிமேல்தான் தேர்தல். 2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களுக்கு ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. இரண்டு பக்கமும் நம் எல்லைத் தமிழர்கள் செய்கிற தவறு ஒரே மாதிரிதான் இருக்கிறது. சட்டசபைத் தேர்தலுக்குப் போடும் கணக்கை அப்படியே கொண்டுவந்து வார்டில் போடுகிறோம். இதில் இன்னொரு சிக்கல், கேரளக் கணக்கைத் தமிழ்நாட்டிலும் தமிழ்நாட்டுக் கணக்கைக் கேரளத்திலும் போடுவது.

முதல் தவறு ஓட்டுப் போடுவதற்கு ரொம்ப முன்னாலேயே நடந்துவிடுகிறது. "எம்.பி. எலெக்‌ஷனுக்குப் போட்டேனே, பேரு இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுவது. கேரளத்தில் உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியல் தனி. அதை வைத்திருப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டசபைக்கும் மக்களவைக்கும் உள்ள பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. 2025 நவம்பரில் குழப்பம் இன்னும் கூடியது. இந்தியத் தேர்தல் ஆணையம் தன் பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக (எஸ்.ஐ.ஆர்.) அதிகாரிகள் வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் உள்ளாட்சிப் பிரசாரமும் நடந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்களில் பலர், வார்டு ஓட்டுக்கும் அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வயசிலும் அதே கதை. உள்ளாட்சிப் பட்டியலுக்கு 2025 ஜனவரி 1 அன்று 18 முடிந்திருக்க வேண்டும். மார்ச்சில் 18 முடிந்த பையன் டிசம்பரில் பூத்துக்குப் போய் நின்றால் பெயர் இருக்காது. அவனுக்கு வருகிற கோபம் நியாயமானதுதான், ஆனால் பூத்தில் இருக்கும் அதிகாரி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் வார்டு எல்லை. இந்தத் தேர்தலுக்கு முன் கேரளம் முழுக்க வார்டுகளைப் பிரித்து வரைந்தார்கள், எண்ணிக்கையும் கூடியது. தெருவின் இந்தச் சாரி ஒரு வார்டு, எதிர்ச் சாரி இன்னொரு வார்டு என்று ஆன இடங்கள் உண்டு. பழைய பள்ளிக்கூடத்துக்கே போய் வரிசையில் நின்று, முறை வந்த பிறகு "உங்க பூத்து இது இல்லீங்க" என்று கேட்பதைவிட எரிச்சலான விஷயம் எதுவும் இல்லை. ஸ்லிப் கொண்டுவருகிற கட்சிக்காரரிடம் வார்டு எண்ணையும் பூத்தையும் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு தவறு உண்டு: இரண்டு பக்கமும் பெயர். இடுக்கி எஸ்டேட்டில் வேலை, தேனியிலோ தென்காசியிலோ சொந்த வீடு, இரண்டு இடத்திலும் அட்டை. இதை ஒரு சாமர்த்தியமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். கட்சிகளும் தனக்கு விழும் என்றால் ஜீப் அனுப்பும், எதிராளிக்கு விழும் என்றால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும். சட்டப்படி ஒருவருக்கு ஒரே இடம்தான். பட்டியலுக்காகத் தெரிந்தே பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. கேஸ் வரும்போது ஜீப் அனுப்பியவர் கூட வரமாட்டார். எங்கே ரேஷனும் பள்ளிக்கூடமும் தண்ணீரும் வேண்டுமோ அந்த ஊரில் பெயரை வைத்துக்கொள்வதே உருப்படியான வழி.

ஓட்டு 'வீணாகும்' என்ற பயம்

"நல்ல பொண்ணுதான், ஆனா ஜெயிக்காது. எதுக்கு ஓட்ட வேஸ்ட் பண்ணணும்?" சட்டசபைத் தொகுதியில் ஒன்றரை லட்சம் பேர் ஓட்டுப் போடும் இடத்தில் இந்தப் பேச்சுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. சித்தூர்–தத்தமங்கலம் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். ஒரு வார்டில் இருப்பது ஆயிரம் ஓட்டை ஒட்டித்தான். அதில் முக்கால்வாசி விழுந்து, மூன்று பேர் பிரித்துக்கொண்டால், முந்நூறு வாங்கியவர் கவுன்சிலர். இரண்டு தெருவும் ஒரு காலனியும் சேர்ந்தால் முடிவே மாறிவிடும். கேரளத்தில் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் சமமாக ஓட்டு விழுந்து குலுக்கல் போட்டுத் தீர்க்கும் வார்டுகள் உண்டு. இவ்வளவு சின்ன இடத்தில் 'ஜெயிக்கிற ஆள்' யார் என்று முன்கூட்டியே சொல்பவர், பெரும்பாலும் தனக்கு வேண்டிய ஆளின் பெயரைத்தான் சொல்கிறார்.

இதே காரணத்தால்தான் இங்கே அபரன்கள் நிறைய. எதிராளியின் பெயரிலேயே இன்னொருவரைச் சுயேச்சையாக நிறுத்துவது கேரள அரசியலில் பழைய வேலை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அங்கே சுயேச்சையாக நின்ற இன்னொரு சுதீரன் எட்டாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார். வார்டில் எட்டாயிரம் எல்லாம் தேவையில்லை, இருபது போதும். நம் பக்கத்தில் செல்வி, மணி, முருகன் மாதிரிப் பெயர்களுக்கு ஆள் தேடுவது ஒரு கஷ்டமும் இல்லை. வீட்டில் பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பெயரைச் சொல்லாதீர்கள், சின்னத்தைக் காட்டுங்கள். தமிழர் அதிகமுள்ள வார்டுகளில் இயந்திரத்தில் ஒட்டும் தாளில் தமிழிலும் பெயர் இருக்கும் என்றாலும், ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் எந்த மொழியில் இருந்தும் என்ன பயன்.

பாட்டி என்றதும் ஓப்பன் வோட்டு ஞாபகம் வருகிறது. கண் தெரியாதவர்களும் முடியாதவர்களும் கூட ஒருவரை அழைத்துப் போய்ப் போடலாம். அந்தத் துணைக்குக் கட்சிக்காரரை விடுவதுதான் தவறு. வீட்டில் ஒரு பேத்தி போனால் போதும். அதே போல நோட்டாவை நம்பிப் போகாதீர்கள், கேரள உள்ளாட்சித் தேர்தலில் அது கிடையாது. கொழிஞ்சாம்பாறை மாதிரிப் பஞ்சாயத்து ஊர்க்காரர்களுக்கு மூன்று ஓட்டு: கிராமம், பிளாக், மாவட்டம். முதல் மிஷினில் அமுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரசபைக்கு ஒன்றே ஒன்று.

சேர்மன் யார் என்ற கணக்கு

பெரிய தவறுகள் நடக்கும் இடம் இதுதான். கேரளத்திலும் இப்போதைய தமிழ்நாட்டு முறையிலும் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் நேரடியாகப் போட்டோம், அந்த ஞாபகத்திலேயே பலர் இன்னும் பேசுகிறார்கள். "அண்ணன் ஜெயிச்சா அண்ணன்தான் சேர்மன்" என்று பேனர் கட்டுவார்கள். அந்த ஊரில் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டு மாநிலத்திலும் பாதி இடம் பெண்களுக்கு, தலைவர் பதவியிலும் அப்படியே. பேனரைப் பார்ப்பதற்கு முன் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

கவுன்சிலர்கள் ஓட்டுப் போடும் முறையில்தான் இரண்டு மாநிலமும் பிரிகிறது. கேரளத்தில் தலைவர் தேர்தலில் கவுன்சிலர் தன் வாக்குச்சீட்டின் பின்னால் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்சியின் விப்பை, அதாவது இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்ற கட்டளையை, மீறினால் 1999-ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும், ஆறு வருடம் தேர்தலில் நிற்கவும் முடியாது. தமிழ்நாட்டில் இது ரகசிய ஓட்டு. கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலர்களுக்கு இல்லை. விளைவை 2022 மார்ச் 4 அன்று பார்த்தோம். தேனி–அல்லிநகரம் நகராட்சித் தலைவர் பதவியைத் தி.மு.க. தன் கூட்டணியில் காங்கிரசுக்கு ஒதுக்கியிருந்தது. ஜெயித்தது தி.மு.க. உறுப்பினர். பல ஊர்களில் இதே கதை நடந்து, கூட்டணிக்கு விட்ட இடத்தில் நின்றவர்கள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலினே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

ஆகவே, கேரளத்தில் ஒரு கட்சிச் சின்னத்துக்குப் போட்ட ஓட்டு, தலைவர் தேர்தல் வரை பெரும்பாலும் அந்தக் கட்சியோடேயே போகும். அங்கே திசை தெரியாதது சுயேச்சைக்குப் போடும் ஓட்டு. 2020-இல் தொடுபுழா நகரசபையில் 35 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசில் அதிருப்தியாகி நின்று ஜெயித்த சுயேச்சை, இடதுசாரிகளின் ஆதரவோடு தலைவரானார். காங்கிரஸ் மனப்பான்மையோடு அவருக்குப் போட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 2025-இல் பாலா நகரசபையில் அப்பா, அவருடைய சகோதரர், மகள் என ஒரே வீட்டிலிருந்து மூன்று சுயேச்சைகள் ஜெயித்து, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆதரவில் 21 வயது மகள் தலைவரானார். சுயேச்சைக்குப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போதே "தலைவர் தேர்தலில் யாருக்குக் கை தூக்குவீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். மழுப்பினால் அதுவே பதில். சுயேச்சை என்று நிற்பவரில் பாதிப்பேர் ஏதோ ஒரு முன்னணியின் ஆளாகவே இருப்பார், அவருடைய தட்டியில் யார் படம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பொள்ளாச்சி, செங்கோட்டைப் பக்கம் இது தலைகீழ். அங்கே சின்னத்தை நம்பிப் போடுவதுதான் ஆபத்து. தடுக்கச் சட்டம் இல்லாத இடத்தில் ஆளின் குணத்தைப் பார்த்தே போட வேண்டும். இங்கே இருந்து அங்கே பேசும் மாமன் மச்சான்கள் "கட்சி பார்த்துப் போடு" என்று போனில் சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அது கேரளத்து அனுபவம்.

'நம்ம ஆளு'

தமிழ் பேசுகிற வேட்பாளர் என்பதற்காகவே போடுவதும், போடாமல் விடுவதும், இரண்டுமே சோம்பேறித்தனம். தமிழ் வாக்காளர் உள்ள வார்டில் எல்லாக் கட்சியும் தமிழ் ஆளையே நிறுத்தும்போது 'நம்ம ஆளு' என்பதை வைத்து எதைத் தீர்மானிக்க முடியும்? கேட்க வேண்டியது வேறு: நகரசபைக் கூட்டத்தில் மலையாளத்தில் எழுந்து பேசுவாரா, தமிழில் எழுதிய மனுவை அலுவலகத்தில் வாங்க வைப்பாரா. மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் பெரிய சங்கங்களையே ஓரங்கட்டிவிட்டுப் போராடினார்கள், நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலிலும் நின்றார்கள். அன்று அவர்களுக்கு விழுந்த ஓட்டு மொழிக்காக மட்டும் விழுந்ததல்ல. எதிரே நின்றவர்களும் தமிழர்கள்தானே.

முடிவு வந்த பிறகு

வெடி வெடிப்பதிலும் ஜீப் ஊர்வலத்திலும் தவறில்லை, தோற்றவர் வீட்டு வாசலில் நின்று வெடிப்பதில்தான் இருக்கிறது. எண்ணிக்கை பூத் வாரியாக வெளியாவதால், எந்தப் பக்கம் கை கொடுத்தது, எந்தப் பக்கம் கைவிட்டது என்று வேட்பாளருக்குத் தெரிந்துவிடும். ஒரு ஆளின் ஓட்டு தெரியாது, ஒரு வட்டாரத்தின் போக்கு தெரியும். அங்கிருந்து "அந்தக் காலனி நமக்குப் போடல, லைட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது தொடங்கும். இதற்குப் பயந்து ஜெயித்தவரிடம் போய் "நாங்க உங்களுக்குத்தான் போட்டோம்" என்று பொய் சொல்பவர்களும் உண்டு. அவர் நம்பமாட்டார், எண்கள் அவர் கையில் இருக்கின்றன. அப்படிச் சொல்லி வாங்க வேண்டிய கடமையும் நமக்கில்லை. குழாயும் விளக்கும் வரி கட்டியதற்கு வருவது.

வார்டு முடிவை வைத்து அடுத்த சட்டசபைத் தேர்தலை ஜோசியம் சொல்வதும் நடக்கிறது. டீக்கடையில் பேச நன்றாக இருக்கும். ஓடை தூர்வாராத கோபத்தில் விழுந்த ஓட்டை வைத்து ஆட்சி மாற்றத்தைக் கணிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

முடிவுக்குப் பிறகு நம் ஆட்கள் விட்டுவிடும் முக்கியமான விஷயம் வார்டு சபை, அதாவது வார்டு வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கூட்டம். சித்தூர் அளவுள்ள நகரசபைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வார்டு சபை கூட வேண்டும். வீடு, கக்கூஸ், கோழிக்குஞ்சு, ஆடு என்று பயனாளிகளின் பட்டியல் அங்கேதான் வருகிறது. வழக்கமாக வருவது கவுன்சிலரின் ஆட்களும், போன தடவை ஏதோ கிடைத்தவர்களும்தான். மற்றவர்களுக்கு, கூட்டத்துக்கு வந்ததாகக் காட்டும் கையெழுத்துப் புத்தகம் வீட்டுக்கே வரும், அவர்களும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பட்டியலில் பெயர் இல்லை என்று நகரசபை வாசலில் போய் நின்றால், நீங்களே வந்து ஒப்புக்கொண்ட பட்டியல் இது என்று அந்தக் கையெழுத்தைக் காட்டுவார்கள். கூட்டத்துக்குப் போகாத நாளில் புத்தகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டிலும் 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் இதே மாதிரி ஏரியா சபை என்று தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஏரியாவில் கடைசியாக அது எப்போது கூடியது என்று, 2027-இல் திரும்ப ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடமே கேட்கலாம்.