ஈறு வீக்கத்திற்கு மவுத்வாஷ்: லேபிளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடியில் எந்த மருந்துக் கடையில் நின்று ஈறு வீக்கத்திற்கு மவுத்வாஷ் கேட்டாலும், பல நிறங்களில் மூன்று நான்கு பாட்டில்கள் முன்னால் வந்துவிடும். நிறத்தையும் மணத்தையும் ஒதுக்கிவிட்டு, லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை முதலில் படியுங்கள்.

குளோர்ஹெக்சிடின் குளூக்கோனேட் என்றிருந்தால், இருப்பவற்றில் வலுவானது அதுதான். துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் ஒட்டியிருந்து பல மணி நேரம் கிருமிகளைத் தடுக்கும். 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லியை ஒரு நிமிடமும், 0.12 சதவீதத்தில் 15 மில்லியை அரை நிமிடமும், காலையும் இரவும் கொப்பளிப்பது வழக்கம். வாய்க்குள் செல்லும் மருந்து முறையே 20, 18 மில்லிகிராம்தான் என்பதால், சதவீதம் கூடியதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நேரம் பார்த்துப் பயன்படுத்துவதே முக்கியம். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரைல் சல்பேட் இம்மருந்தின் வீரியத்தைக் குறைப்பதால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். உடனே தண்ணீர் விட்டு வாயைக் கழுவாதீர்கள். எங்கள் அப்பத்தா கொப்பளித்த கையோடு டிகிரி காபி குடிப்பார், சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையும் போடுவார். மூன்றாம் வாரம் கீழ்ப்பற்களின் உட்புறத்தில், ஈறை ஒட்டி, பழுப்புக் கோடு படிந்திருந்தது. நாவிலும் ருசி மங்கி, குழம்பில் உப்பில்லை என்று சொல்லத் தொடங்கினார். கறையைப் பல் மருத்துவர் சுத்தம் செய்து நீக்கினார். மருந்தை நிறுத்தியதும் ருசி திரும்பியது. ஆகவே மருத்துவர் வேறு சொன்னாலொழிய இதை இரண்டு வாரத்திற்கு மேல் நீட்டாதீர்கள்.

தைமால், யூக்கலிப்டால், மென்தால் கலந்தவை நாள்பட்ட பயன்பாட்டிற்கு ஏற்றவை. ஆனால் சிலவற்றில் 20 சதவீதத்திற்கு மேல் ஆல்கஹால் உண்டு என்பதால், வாய்ப்புண்ணோ வாய் வறட்சியோ உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். செட்டில்பிரிடினியம் குளோரைடு மிதமானது. போவிடோன் அயோடினைத் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எதை வாங்கினாலும், பல்லில் இறுகிய காரையை அது கரைக்காது. அதைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். இரண்டு வாரத்திற்குப் பின்னும் துலக்கும்போது ரத்தம் கசிந்தால், சர்க்கரை நோயாளிகள் குறிப்பாக, பல் மருத்துவரைப் பாருங்கள். சீழ், காய்ச்சல், முகவீக்கம் இருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.