சுருக்கென்று தெரிந்ததுமே மாத்திரை
பிறப்புறுப்பு ஹெர்பீஸ், அதாவது உடலுறவில் தொற்றி அங்கே புண் வரவைக்கும் வைரஸ் நோய், என்று டாக்டர் சொன்ன அன்று பாதி வார்த்தைகள் காதில் ஏறவே இல்லை. முதல் வாரம் சிறுநீர் கழிப்பதே நரகம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொண்டே போனபோதுதான் எரிச்சல் தணிந்தது.

வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும், முழுதாகப் போகாது. ஆனால் புண் மறுபடி வருமுன் அதே இடத்தில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்கிறது. உடனே, டாக்டர் முன்கூட்டியே எழுதித் தந்த, வைரஸை அடக்கும் மாத்திரையான வாலாசைக்ளோவிர் 500 மி.கி.: காலை ஒன்று, இரவு ஒன்று, 3 நாள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

அப்புறம், என் துணையிடம் சொல்வது. அதற்குத்தான் ரொம்பத் தயங்கினேன். புண் இல்லாத நாளிலும் தொற்றலாம், ஆணுறை எப்போதும் வேண்டும், சுருக்கென்றால் உறவே வேண்டாம் என்று எல்லாம் சொன்னேன். "சரி, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று கையைப் பிடித்தாள். அன்றிரவுதான் தூங்கினேன்.