சின்னஞ்சிறு நீர்வண்டுகளை மூச்சு வாங்கும் விதத்தால் இனங்காணுதல்

குளத்தங்கரையில் அள்ளும் ஒரு கை நீரில் அரிசி மணியளவுள்ள கறுத்த வண்டுகள் நான்கைந்து சிக்கினால், அவை அனைத்தும் ஒரே இனம் போலவே தோன்றும். நிறத்தையும் அளவையும் நம்ப வேண்டாம்; காற்றுக்காக வண்டு உடலின் எந்த முனையை நீர்மட்டத்துக்குக் கொண்டுவருகிறது என்று பாருங்கள்.

நீர்ச்செடிகள் அடர்ந்த ஓரத்தில், வேர்களை உரசியபடி டீ வடிகட்டியை மெதுவாக இழுத்து, சிக்கியவற்றை அதே குளத்து நீர் இரண்டு விரற்கடை உயரம் நிற்கும் வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவே போதும். ஆனால் பாத்திரத்தில் சோப்பு வாடைகூட இருக்கக் கூடாது. இவ்வண்டுகள் காற்றைப் பிடித்துவைத்திருப்பது நீர் ஒட்டாத நுண்மயிர்களால்தான். சோப்பு அவற்றை நனைத்துவிட்டால் வண்டு மூச்சுத் திணறும்.

கிண்ணத்தை அசைக்காமல் சில நிமிடங்கள் காத்திருங்கள். வால்முனையை மேலே நீட்டி, சிறகுறைகளுக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு, பின்கால்கள் இரண்டையும் துடுப்புப் போல ஒருசேர வீசிக் கீழே பாய்வது வேட்டையாடும் முக்குளி வண்டு. சில சமயம் அதன் வால்முனையில் ஒரு குமிழ் தொங்கும். அக்குமிழில் பிராணவாயு குறையக் குறைய நீரில் கரைந்திருப்பது உள்ளே ஊறி வருவதால், மேலிருந்து கொண்டுவந்த காற்று மட்டும் தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான நேரம் அது தாங்குகிறது. இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தலையைச் சற்றே சாய்த்து, உணர்கொம்பால் நீர்ப்படலத்தைக் கிழித்துக் காற்றை இழுத்து, வயிற்றுப்புறம் வெள்ளித்தகடாய் மின்ன, கால்களை மாற்றி மாற்றி அசைத்துத் தத்தளிப்பது வேறு குடும்பம். லென்ஸில் பார்ப்போர் இங்கேதான் தவறுகிறார்கள்: முன்னால் நீண்டு தெரிபவை பெரும்பாலும் வாயருகே உள்ள உறுப்புகளே; குண்டு முனையுள்ள உண்மையான உணர்கொம்புகள் தலைக்கடியில் மடங்கிக் கிடக்கும்.

நீர்மேல் வட்டமிடும் சுழல்வண்டுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அதன் ஒவ்வொரு கண்ணும் நீருக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று எனப் பிரிந்திருக்கும். ஓடைக்கல்லை உகிர்களால் பற்றிக் கிடக்கும் சிறு வண்டோ நீந்துவதே இல்லை. உடலைப் போர்த்திய காற்றுப்படலத்தின் வழியே மூச்சு வாங்குவதால் அது மேலே வரவும் வேண்டியதில்லை. ஓடும் நீரின் பிராணவாயு அதற்கு இன்றியமையாதது. ஆகவே அதைக் கிண்ணத்தில் நெடுநேரம் வைக்காமல், எடுத்த கல்லின் மேலேயே திரும்ப விடுங்கள்.