நாள்பட்ட வலி: 'எல்லாம் செய்து பார்த்தாச்சு' என்பதற்கு முன்னால்

முதுகோ கழுத்தோ மூட்டோ, வலி மூன்று மாதங்களைத் தாண்டி நீடித்தாலோ விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களின் காதில் 'ஹோலிஸ்டிக்', அதாவது முழுமையான சிகிச்சை, என்ற சொல் எப்படியும் விழுந்துவிடும். அப்புறம் என்ன, ஒரே வாரத்தில் மசாஜ், அக்குபஞ்சர், யோகா, யாரோ சொன்ன தைலம், நாலைந்து சத்து மாத்திரை என்று எல்லாம் தொடங்கிவிடும். வலி கொஞ்சம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. கூடினாலும் அதே கதைதான். கையில் காசு தீர்ந்ததும் எல்லாம் ஒன்றாக நின்றுபோகும்.

உடல், தூக்கம், மனநிலை, வேலை, வீட்டுச் சூழல் எல்லாமே வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இவற்றை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து, யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு மருத்துவருக்காவது முழுசாகத் தெரிந்திருக்கும்படி வைப்பதுதான் முழுமையான அணுகுமுறை. புதிதாக ஒன்றைத் தொடங்கினால் சில வாரங்கள் அதை மட்டும் கவனியுங்கள். பலன் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில் கணக்குத் தெரியாது.

ஸ்கேன் அறிக்கையைத் தன் தலையெழுத்தைப் போல வாசிப்பது இன்னொரு தவறு. 'டிஸ்க் தேய்மானம்' (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு தேய்வது) என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் குனியவே பயப்படுகிறவர்கள் உண்டு. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆகவே அறிக்கையில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எது பொருட்படுத்த வேண்டியது என்பதை உடலைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும்.

அந்தப் பயத்தோடு கூடவே வருவது ஓய்வு. புதிதாக அடிபட்ட இடத்துக்கு ஓய்வு சரி. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அதையே செய்தால் தசை வலுவிழக்கும், மூட்டு இறுகும், முன்பு வலிக்காத வேலைகூட வலிக்கத் தொடங்கும். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய கல்வி, உளவியல் சிகிச்சை ஆகியவை பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. பலரும் நம்பி வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றே அதில் இருக்கிறது.

ஓய்வை விட்டவர்கள் நேர்எதிர் பக்கம் போய் விழுவார்கள். என் பார்வையில் அதிகம் பேரைக் கெடுப்பது இதுதான். இன்றைக்கு வலி குறைவாக இருக்கிறது, சரி, தேங்கிப்போன வேலையை எல்லாம் முடித்துவிடலாம் என்று காலையிலிருந்து இரவு வரை ஒரே மூச்சில் செய்வது. மறுநாள் எழுந்திருக்க முடியாது. மூன்று நாள் படுக்கை. வலி தணிந்ததும் மறுபடி அதே ஓட்டம். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் செய்ய முடிகிற அளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், 'அசைந்தால் வலிக்கும்' என்ற எண்ணமும் மனத்தில் ஆழமாக ஊன்றிக்கொள்ளும்.

இதற்கு மாற்று, வலியைப் பார்த்து நிறுத்தாமல் நேரத்தைப் பார்த்து நிறுத்துவது. மோசமான நாளில்கூட உங்களால் எத்தனை நிமிடம் நடக்க முடியும்? எட்டு நிமிடம் என்றால், நல்ல நாளிலும் எட்டே நிமிடம்தான். ஒரு வாரம் சிக்கலில்லாமல் போனால் ஒன்பது. நன்றாக இருக்கும் நாளில் எட்டு நிமிடத்தில் நிறுத்துவதற்குத்தான் மனசு ஒப்பாது. வீட்டில் இருப்பவர்களும் 'இன்னைக்கு நல்லாத்தானே இருக்கே' என்று கேட்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பயிற்சிக்குப் பிறகு வலி சற்றுக் கூடி, ஒரு நாளில் பழைய நிலைக்குத் திரும்பினால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. அதற்குமேல் நீடித்தால் அளவைக் குறையுங்கள், முழுவதும் நிறுத்த வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு கோடியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் ஒரு பக்கம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுவது எல்லாம் வரக்கூடும். தலைவலிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். மறுபக்கம், 'இனி இயற்கை வழி மட்டும்' என்று ஒரே நாளில் எல்லா மருந்தையும் தூக்கி எறிகிறவர்கள். ஸ்டீராய்டு, ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து), நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூலிகை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் ஜின்கோ என்ற மூலிகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். சாப்பிடுவது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் 'அப்போ என் வலி பொய்யா?' என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான், அதைச் சொல்லும் விதமும் பல சமயம் அப்படி இருக்கிறது. வலி உண்மை. ஆனால் உடம்பிலிருந்து வரும் சமிக்ஞை தண்டுவடத்திலும் மூளையிலும் கூட்டிக் குறைக்கப்படுகிறது என்று வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் 1965இலேயே எழுதினார்கள். பயமும் பதற்றமும் கவனமும் அந்த அளவை மாற்றுகின்றன. தூக்கமும்தான்: சரியாகத் தூங்காத இரவுக்கு அடுத்த நாள் அதே வலி கூடுதலாக உறைக்கும். வலிக்காக ஏழெட்டு சிகிச்சை தேடுகிறவர்கள் தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

வலி பூஜ்யமானால்தான் வெற்றி என்று வைத்துக்கொண்டால் எந்தச் சிகிச்சையும் தோற்றதாகவே தோன்றும். வலி ஆய்வுகளில் 30 சதவீதம் குறைவதையே அர்த்தமுள்ள முன்னேற்றமாகக் கணக்கிடுகிறார்கள். வலிக்கு மதிப்பெண் போடுவதோடு, இந்த வாரம் மாடிப்படி ஏறினேனா, நண்பர் வீட்டுக்குப் போய் உட்கார முடிந்ததா என்றும் குறித்துவையுங்கள்.

'பழைய வலிதானே' என்று விடக்கூடாத சில இருக்கின்றன. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது ஆகியவற்றுக்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்புவலி என்றால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.