ஸ்கேல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைட் மியூசிக் குழுக்களுக்கு ஸ்கேல் மாற்றி, அதாவது பாட்டின் சுருதியை ஏற்றியோ இறக்கியோ, நொட்டேஷன் எழுத வருகிற புதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் செட் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துதான். சி-யிலிருந்து டி-க்கு ஏற்றும்போது எஃப் ஷார்ப்பை மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அதைக் காதே பிடித்துவிடும்.

காற்று வாத்தியத்துக்குத் தலைகீழாக எழுதுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், ஆல்டோ சாக்ஸ் இ ஃப்ளாட் வாத்தியம். அதாவது வாசிப்பவர் தாளில் சி-யைப் பார்த்து ஊதினால் நம் காதில் விழுவது அதற்குக் கீழே உள்ள ஸ்வரம்: ட்ரம்பெட்டில் பி ஃப்ளாட், ஆல்டோவில் இ ஃப்ளாட். உடனே பிள்ளைகள், ‘பாட்டு சி-யில், இவர் வாத்தியம் இ ஃப்ளாட், சரி, இ ஃப்ளாட்டில் எழுதிவிடுவோம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு ரெக்கார்டிங்கில் மூத்த சாக்ஸ் கலைஞர் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கன்சர்ட் பிட்ச்சா, எனக்கு மாத்தி எழுதினதா?” என்று கேட்டார். கன்சர்ட் பிட்ச் என்றால் காதில் விழும் ஸ்வரத்தை அப்படியே எழுதுவது. “மாத்திட்டேன் சார்” என்றான் பையன். அவரும் நம்பி ஊதினார். இ ஃப்ளாட் என்று எழுதியிருந்த இடத்தில் ஜி ஃப்ளாட் வந்தது. டிராக் சி-யில் ஓடுகிறது, ஆக ஷட்ஜம் (சி) வர வேண்டிய இடத்திலெல்லாம் பிரதி மத்யமம் (ஜி ஃப்ளாட்). உட்கார்ந்து திருத்தி எழுதுவதற்குள் கால்ஷீட்டில் பாதி போயே போச்சு.

கணக்கு இவ்வளவுதான்: வாத்தியம் எவ்வளவு இறங்கி ஒலிக்கிறதோ அவ்வளவு ஏற்றி எழுத வேண்டும். பாட்டு சி மேஜர் என்றால் ட்ரம்பெட்டுக்கு ஒரு டோன் ஏற்றி டி மேஜர், ஆல்டோவுக்கு மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது செமிடோன்) ஏற்றி ஏ மேஜர், மூன்று ஷார்ப். டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட்தான், ஆனால் ட்ரம்பெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ட்ரம்பெட் தாளையே ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் நீட்டாதீர்கள். அப்புறம், கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் ‘கன்சர்ட் பிட்ச்’ பட்டனை அணைத்துவிட்டுப் பிரிண்ட் எடுங்கள், அப்போது மென்பொருளே மாற்றிக் கொடுக்கும். நீங்களும் மாற்றாதீர்கள், கையால் ஏற்கெனவே மாற்றியதை மென்பொருள் இன்னொரு முறை மாற்றிவைக்கும் கொடுமையும் நடக்கிறது.

சுருதி மாற்றத்தையும் கிரக பேதத்தையும் குழப்புவது

மோகனத்தை ஒரு கட்டையிலிருந்து (சி) இரண்டு கட்டைக்கு (டி) ஏற்றினாலும் மோகனம்தான், அது சுருதி மாற்றம். ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால்தான் வேறு ராகம், மத்யமாவதி. அதுதான் கிரக பேதம்.

பல்லவியை மட்டும் பாடவைத்து ஸ்கேல் முடிவு செய்வது

சரணத்தின் உச்சியையும் பாடச் சொல்லுங்கள்.

கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டன்

பாட்டு முடிந்ததும் அதைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாட்டும் மாறிய ஸ்கேலிலேயே ஒலிக்கும்.

கேப்போ போட்ட கிட்டாரிஸ்டிடம் ஸ்கேல் கேட்பது

இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிக்கொண்டு ஜி கார்டு பிடித்தால் கேட்பது ஏ. அவர் ‘ஜி’ என்பார், பேஸ் கிட்டார்காரர் அதை நம்பிவிடுவார். கீபோர்டிடமே கேளுங்கள்.