பதின்பருவத்தினர் கையில் கேமரா: மனநலத்துக்காகத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்பருவப் பிள்ளைகளின் மனச்சோர்வுக்கும் தன்மதிப்புக் குறைவுக்கும் புகைப்படக்கலை உதவும் என்ற எண்ணம் பள்ளி ஆலோசகர்களிடமும் பெற்றோரிடமும் பரவிவருகிறது. இந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்றை, ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது; கேட்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பார்த்தால் போதும் என்பதே பதினான்கு, பதினைந்து வயதில் பெரிய ஆறுதல். எதை எடுப்பது, எதை விடுவது, யாருக்குக் காட்டுவது, எதை அழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும், நாள் முழுவதும் பிறர் சொற்படி நடக்க வேண்டியிருக்கும் அந்த வயதில் சிறிய விஷயமன்று. ஆனால் தயங்காமல் பேசும் இந்த இடத்தையும் தானே தீர்மானிக்கும் இந்த உரிமையையும், நல்லெண்ணம் கொண்ட பெரியவர்களே தங்களை அறியாமல் பறித்துவிடுகிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை.

பயிற்சியைச் சிகிச்சையாக எண்ணுவது

கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த உளவியலாளர் ஜூடி வைசர் இந்தத் துறையில் வற்புறுத்திவந்த ஒரு வேறுபாடு முதலில் மனத்தில் பதிய வேண்டும். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர், சிகிச்சையின் ஒரு பகுதியாக, தம்மிடம் வருபவர் எடுத்த படங்களையும் அவருடைய குடும்ப ஆல்பத்தையும் வைத்து உரையாடுவது ஒன்று. ஒருவர் தன்னைப் புரிந்துகொள்வதற்காகவோ மனம் இலகுவாவதற்காகவோ தாமே படமெடுத்துப் பழகுவது மற்றொன்று. இரண்டாவதை ஆசிரியரோ பெற்றோரோ தாராளமாகத் தொடங்கிவைக்கலாம். முதலாவதில் அவர்கள் கைவைக்கக் கூடாது. ஓர் ஆசிரியர், அண்மையில் தந்தையை இழந்த மாணவியிடம் வகுப்பின் நடுவே குடும்பப் படங்களைக் கொண்டுவந்து விளக்கச் சொன்னால், திறந்துவிட்ட துயரத்தை மூடித்தரும் பயிற்சி அவரிடம் இருக்காது. மணி அடித்ததும் அந்தப் பெண் அதே துயரத்தோடு அடுத்த பாடவேளைக்குப் போக வேண்டியிருக்கும்.

பலனைப் பற்றியும் அளவோடு பேசுவதே நல்லது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 41 கல்லூரி மாணவர்கள் மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் கைபேசியில் படம் எடுத்தார்கள். சிலர் சிரித்த முகத்துடன் செல்ஃபி எடுத்தார்கள். சிலர் தமக்கு மகிழ்ச்சி தருவதையும், மற்றவர்கள் வேறொருவருக்கு மகிழ்ச்சி தரக்கூடியதையும் எடுத்தார்கள். மூன்று பிரிவினரிடமும் நல்ல மனநிலை கூடியிருந்தது. கேட்பதற்கு இனிமையான செய்திதான். ஆனால் குழு சிறியது, பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், அளக்கப்பட்டது அன்றாட மனநிலை. மனச்சோர்வு நோய்க்கு மருந்தோ ஆலோசனையோ தேவைப்படும் பள்ளிப் பிள்ளைக்குக் கேமரா போதும் என்று சொல்ல இதில் இடமில்லை.

முகத்திலிருந்து தொடங்குவது

தன்மதிப்பை வளர்க்க வேண்டும் என்றவுடன் பலர் கொடுக்கும் முதல் பயிற்சி 'உன்னை நீயே படம் எடு' என்பதாக இருக்கிறது. தன் தோற்றத்தைப் பற்றி ஏற்கெனவே குமைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிடத் தவறான தொடக்கம் கிடைப்பது அரிது. அதற்கு உளவியல் காரணத்தோடு ஒளியியல் காரணமும் உண்டு. கையை மடக்கி, முகத்திலிருந்து ஏறத்தாழ ஓர் அடி தூரத்தில் கைபேசியைப் பிடித்து எடுக்கும்போது, லென்ஸுக்கு அருகில் இருக்கும் மூக்கு மற்ற உறுப்புகளைவிடப் பெரிதாக விழுகிறது. 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகமாகத் தெரிகிறது. கைபேசித் திரையில் கண்ட மூக்கைத் தன் உண்மையான மூக்கென்று நம்பி வருந்தும் பிள்ளைக்கு, ஆறுதல் வார்த்தைகளைவிட இந்தக் கணக்கு அதிகம் உதவும். ஒரே ஆளை ஓர் அடியிலும் ஐந்து அடியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதுவே ஒரு நல்ல முதல் வகுப்பு.

கண்ணாடி சார்ந்த சிக்கல் இன்னொன்று. நாம் நாள்தோறும் பார்ப்பது இடவலம் மாறிய நம் முகத்தை. பின்பக்கக் கேமரா காட்டுவது பிறர் பார்க்கும் முகத்தை. 1977இல் வெளிவந்த ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வில், ஒருவரின் நேர்ப்படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டியபோது, அவர் கண்ணாடியில் காணும் வடிவத்தையும் அவருடைய நெருங்கிய தோழி நேர்ப்படத்தையும் விரும்பும் போக்கு தெரிந்தது. 'போட்டோவில் மட்டும் நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்ற கேள்வியின் ஒரு பாதிக்கு விடை, பழக்கம் என்பதுதான்.

இவற்றுக்கு மேல் ஃபில்டர் வருகிறது. அழகூட்டும் வசதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், முன்பக்கக் கேமரா மாநிறத்தை வெளுத்தும் தோலை வழவழப்பாக்கியும் காட்டிவிடும். பாஸ்போர்ட் அளவுப் படத்தைக்கூடக் கேட்காமலே வெளுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாமல் போவதே ஆபத்து. எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் முதலில் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் உள் ஆய்வுகள் 2021இல் வெளியானபோது, பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல்தோற்றம் பற்றிய கவலையைத் தங்கள் தளம் மோசமாக்குவதாக நிறுவனத்தின் சொந்த ஆவணம் ஒன்றே குறிப்பிட்டிருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கைகள், நிழல், பள்ளிக்குப் போகும் வழி, வீட்டில் தனக்குப் பிடித்த மூலை, தன் வயதை ஒத்த பொருள்கள் என்று முகம் வராத படங்களிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. தன்னையே எடுக்க வேண்டும் என்ற விருப்பம் பிள்ளையிடமிருந்து வரும்போது, கேமராவை ஐந்தடி தள்ளி நிறுத்தி டைமர் வைத்து எடுக்கச் சொல்லலாம். பிரிட்டனைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானபோது, மருத்துவமனையின் பார்வையில் வெறும் உடலாகிவிடக் கூடாதென்று தன் உடலைத் தானே படமெடுத்தார். பின்னர் ரோசி மார்ட்டினுடன் சேர்ந்து, ஒருவர் மற்றவருக்குத் துணையாக இருந்து வாழ்க்கைத் தருணங்களை மீண்டும் நடித்துப் படமாக்கும் முறையை வளர்த்தார். அவர் தன்னைப் படமெடுத்தது தானே எடுத்த முடிவு. யாரும் வீட்டுப்பாடமாகக் கொடுத்ததல்ல.

படத்தை வைத்து மனத்தைப் படிப்பது

இது மிகப் பழைய தவறு. இங்கிலாந்தின் சர்ரே மனநோயாளிகள் காப்பகத்தில் 1850களில் பணியாற்றிய மருத்துவர் ஹ்யூ வெல்ச் டயமண்ட், பெண் நோயாளிகளைப் படமெடுத்து, முகத்தோற்றத்திலிருந்து நோயை அறியலாம் என்று நம்பினார். 1856இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரையும் வாசித்தார். தங்கள் படத்தைத் தாங்களே பார்ப்பது நோயாளிகளுக்கு நன்மை செய்யும் என்ற அவருடைய இன்னொரு கருத்து பிற்காலத்துக்கு உதவியது. முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லலாம் என்ற கருத்து நிலைக்கவில்லை. ஆனால் மகள் எடுத்த இருண்ட மாடிப்படிப் படத்தைப் பார்த்து இரவெல்லாம் உறங்காத தாயிடமும், அதே படத்துக்கு 'தனிமை உணர்வு' என்று குறிப்பெழுதும் ஆசிரியரிடமும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

2017இல் வெளியான ஓர் ஆய்வு 166 பேரின் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இன்ஸ்டாகிராம் படங்களைக் கணினி மூலம் ஒப்பிட்டு, மனச்சோர்வு உள்ளவர்களின் படங்கள் மொத்தத்தில் சற்று நீலம், சாம்பல், இருள் மிகுந்தவையாக இருந்ததைக் கண்டது. ஆயிரக்கணக்கான படங்களில் சராசரியாகத் தெரியும் ஒரு சாய்வு அது. ஒரு பிள்ளையின் ஒரு படத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பதினைந்து வயதில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அது அழகாக இருப்பதாக எண்ணியே எடுக்கிறார்கள்.

ஆகவே விளக்குவதை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும் விதத்திலும் கவனம் தேவை. 'ஏன் இப்படி எடுத்தாய்?' என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் கண்டிப்பின் குரலில் வரும் கேள்வி. பிள்ளை உடனே தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்களின் வாழ்வை அவர்களே பதிவுசெய்யும் முறையை உருவாக்கிய கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோரின் வழியில் வந்தவர்கள், படத்தில் என்ன தெரிகிறது, உண்மையில் அங்கே என்ன நடக்கிறது, அது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று படத்திலிருந்து வாழ்க்கைக்கு மெல்ல நகரும் கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். 'இந்தப் படத்துக்கு வெளியே, இடப்பக்கம் என்ன இருந்தது?' என்ற சாதாரணக் கேள்வி சில நேரம் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். பிள்ளை பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனால் நாமும் போய்விட வேண்டும்.

மதிப்பெண்ணும் போட்டியும்

சட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்துப் பொருளை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் 'மூன்றில் ஒரு பங்கு' விதி, ஒளியின் திசை, தலை வெட்டுப்படக் கூடாது என்று இலக்கணத்தில் தொடங்கினால், பிள்ளைக்குத் தோற்பதற்கு இன்னொரு பாடம் சேர்ந்துவிடும். விலையுயர்ந்த டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கித் தருவதும் இதே விளைவைத் தரலாம். 'இவ்வளவு செலவு செய்தோமே' என்ற சொல் வீட்டில் ஒருமுறை எழுந்தால், படமெடுப்பது கடனடைப்பதாகிவிடும். சிறந்த படத்துக்குப் பரிசு அறிவிக்கும் பள்ளி, மற்ற முப்பது பேரின் தன்மதிப்பை என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

எதை எடுக்க வேண்டும் என்று பெரியவர்களே முடிவுசெய்வது இதன் மறுபக்கம். வசதியான பள்ளியில் அது பூவும் சூரிய அஸ்தமனமுமாக இருக்கும். ஏழைப் பிள்ளைகளிடம் 'உங்கள் கஷ்டத்தை எடுங்கள்' என்பதாக இருக்கும். இரண்டாவதில் இரக்கம் தெரிந்தாலும் அது பிள்ளையை அதன் வறுமையாகவே சுருக்கிவிடுகிறது. 1970களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிகளில் புகைப்படக்கலை கற்பித்த வெண்டி எவால்ட், பிள்ளைகளிடம் அவர்களின் குடும்பத்தையும் விலங்குகளையும், கூடவே அவர்களின் கனவுகளையும் எடுக்கச் சொன்னார். கனவைப் படமெடுக்க வேண்டுமானால் கற்பனை செய்து, அரங்கமைத்து, தம்பியை நடிக்கவைத்து எடுக்க வேண்டும். அந்த வேலையில் பிள்ளை இயக்குநராகிவிடுகிறது. தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், விளிம்புநிலைச் சமூகங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்பித்துவருவதும், தம் தெருவைத் தாமே சொல்லட்டும் என்ற இதே நோக்குடையது.

கவலைக்குரிய அறிகுறியைப் படமாக மட்டும் பார்ப்பது

ஒரு படத்தை வைத்து நோயைச் சொல்லக் கூடாது என்றால், எதையும் கண்டுகொள்ளக் கூடாது என்று பொருளல்ல. உடலில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயம் படத்தில் இருந்தால், உயிரை விடுவது பற்றிய குறிப்பு படத்தின் தலைப்பிலோ பேச்சிலோ வந்தால், அல்லது உறக்கமும் பசியும் நட்பும் இரண்டு வாரங்களாகக் குலைந்திருந்தால், பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். துன்புறுத்தலுக்கு ஆளாகும் சிறார்களுக்கான எண் 1098. பேசியதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது, நல்ல ஆசிரியர்கள் செய்யும் தவறு. உயிருக்கு ஆபத்தென்றால் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

காட்டுவதும் வைத்திருப்பதும்

கண்காட்சி நடத்தும் ஆசை அமைப்பாளர்களுக்கு வருவது இயல்பு. பெற்றோரிடம் தொடக்கத்தில் வாங்கிய ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டிவிடுவது சரியன்று. எந்தப் படம், எந்த இடத்தில், பெயருடனா பெயரின்றியா என்று பிள்ளையிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கடைசி நாளில் மனம் மாறினாலும் எடுத்துவிட வேண்டும். படத்தில் இருக்கும் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் சம்மதித்தார்களா என்பதும் கேட்கப்பட வேண்டியது. இல்லங்களில் பராமரிக்கப்படும் சிறார்கள் என்றால் விஷயம் நாகரிகத்தோடு நிற்பதில்லை; அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடைசெய்கிறது. மகன் எடுத்த படத்தைப் பெருமையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பெற்றோர் சட்டத்தை மீறுவதில்லை என்றாலும், யாருக்குக் காட்டுவது என்ற அவனுடைய தீர்மானத்தை மீறுகிறார்கள்.

கைபேசிப் படத்தின் கோப்பில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம் என்பதால், கேமரா அமைப்புகளில் இருப்பிடப் பதிவை முன்பே அணைத்துவிடுவது நல்லது. பயிற்சி முடிந்ததும் படங்களைப் பிள்ளைகளிடம் பென்டிரைவிலோ அச்சாகவோ கொடுத்துவிட்டு, பயிற்றுநரின் மடிக்கணினியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கூகுள் டிரைவிலும் எஞ்சியிருக்கும் பிரதிகளை, எந்தத் தேதிக்குள் அழிப்போம் என்று முதல் நாளிலேயே எழுதிக்கொடுத்து, அந்தத் தேதியில் பிள்ளைகளின் முன்னிலையில் அழித்துவிட வேண்டும்.